செஸ்டரில் அண்ணா பார்க்காத யானை

செஸ்டர், இங்கிலாந்து
20.3.1974

அன்புள்ள மச்சான் மகேந்திரராஜாவுக்கு,

இந்தக் கடிதத்தை நீங்கள் வேலை செய்யும் கந்தோர் முகவரிக்கு அனுப்புகிறேன். தயவுசெய்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சுகத்தைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

அம்மா போய்விட்டார். பதினேழாந் திகதி ஞாயிற்றுக்கிழமை காலையில், கோப்பாய் வீட்டுக் குசினியில் தேநீர் வைத்துக்கொண்டு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தாராம். அவ்வளவுதான். தந்தி என் கைக்கு வந்தபோது திங்கள் பின்னேரம். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெரியம்மாவின் மகள் விமலா அக்காவின் பொடியன்தான் கொள்ளி வைத்தான். ஒரே மகன் நான் இங்கே ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் யாருடைய இரத்தத்தையோ பரிசோதித்துக்கொண்டு நின்றேன்.

தங்கச்சி இரஞ்சிதத்துக்கு எப்படிச் சொல்வது? அவளுக்கு இது நாலாம் மாதம். முன்பு இரண்டு முறை தங்காமல் போனதை நீங்கள் பார்த்தவர், நான் சொல்லத் தேவையில்லை. சொல்வதோ மறைப்பதோ, நீங்கள் எடுக்கும் முடிவுதான் என் முடிவு.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
வரதராஜா


மெல்பேர்ண்
30.3.1974

அன்புள்ள மச்சான்,

என்ன ஆறுதல் சொல்ல! மாமி எனக்கும் ஒரு தாய்தான். கடிதத்தைக் கந்தோர்க் கழிப்பறைக்குள் நின்று வாசித்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போய் அவளோடு சிரித்துக் கதைத்துவிட்டு வந்தேன். எப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியாது.

போன வாரம் கருப்பை வாயில் தையல் போட்டு, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லி ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்துவிட்டார்கள். பிள்ளை பிறக்கும்வரை அங்கேதான். "மனதுக்கு அதிர்ச்சி ஒன்றும் வரக் கூடாது" என்று டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். எங்கள் ஆட்களும் வயிற்றுப் பிள்ளைக்காரிக்குச் சாவுச் செய்தி சொல்வதில்லையே. பிள்ளை பிறந்தபிறகு சொல்வோம். கண்ணில் சத்திரசிகிச்சை, மாமி சில மாதம் எழுதக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஊர்க் கடிதங்கள் என் கைக்குத்தான் முதலில் வரும்.

இனி உங்கள் பாடு. உங்கள் கடிதங்கள் நாலு வரிக்கு மேல் போனதாகச் சரித்திரமே இல்லை. வெறுமையான நாலு வரியைப் பார்த்தால் அம்மாவைப் பற்றித் தோண்டித் தோண்டிக் கேட்பாள். ஆகவே வேறு ஏதாவது நிறைய எழுதுங்கள். ஏழு வருடம் யாழ்ப்பாணத்தில் ரோமர் சரித்திரம் படிப்பித்தவள் அவள். "அண்ணை ரோமர் கட்டின ஊரில இருக்கிறார், ஒரு கல்லைப் பற்றியாவது எழுதினவரோ!" என்று உங்களைத் திட்டாத நாள் இல்லை. அந்தக் கல்லைப் பற்றி எழுதுங்கள்.

தைரியமாக இருங்கள்.
மகேந்திரராஜா


செஸ்டர்
10.4.1974

அன்புத் தங்கச்சி இரஞ்சிதத்துக்கு,

நான் சுகம். நீ கட்டிலோடு சுகமாக இருக்கிறாய் என்று மச்சான் எழுதினார். அம்மாவுக்குக் கண் மெல்ல மெல்ல ஆறி வருகிறதாம். கட்டு அவிழ்க்கவில்லை, எழுத முடியவில்லை என்று விமலா அக்கா எழுதியிருந்தா.

என்னைத் திட்டுகிறாயாம். திட்டுக்குப் பயந்து இன்று கோட்டை மதில் மேல் ஏறினேன். ஆறு வருடமாக வேலைக்கு இதன் கீழால் போய் வருகிறேன், ஏறிப் பார்க்கத் தோன்றவில்லை. கிழக்கு வாசலில் பெரிய மணிக்கூட்டின் அருகே படி இருக்கிறது. மதில் ஊரை முழுதாகச் சுற்றிப் போகிறது, இரண்டு மைல். வடக்குப் பக்கம் அடியில் இருப்பது ரோமர் வைத்த கல். அதற்கு மேல் ஆயிரம் வருடம் கழித்து யாரோ வைத்தது. அதற்கும் மேல் போன நூற்றாண்டில் யாரோ பூசியது. மூலைக் கோபுரம் ஒன்றில், அந்தக் காலத்து அரசர் ஒருவர் தன் படை தோற்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். மேற்கே பெரிய புல்வெளி. ரோமர் காலத்தில் அது தண்ணீர், கப்பல் வந்த துறை. இப்போது குதிரைப் பந்தயம் நடத்துகிறார்கள்.

மெல்லிய மழை தூறியது. மதில்மேல் வேறு யாரும் இல்லை. நடக்க நடக்க எந்த வருடத்தில் நடக்கிறேன் என்பதே மறந்துபோனது. புறப்பட்ட இடத்துக்கு வந்தும் இறங்க மனமில்லாமல் இன்னொரு சுற்று நடந்தேன். 

உடம்பைப் பார்த்துக்கொள். எழும்பி நடக்காதே, உனக்காக நான் நடக்கிறேன்.

அன்புடன் அண்ணா


மெல்பேர்ண்
22.4.1974

என் அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் நீண்ட கடிதத்தைக் கண்டு முதலில் கையெழுத்தைப் பார்த்தேன், வேறு யாரும் எழுதினார்களோ என்று! நானும் உள்ளே இருப்பவரும் சுகம். உங்கள் சுகத்துக்கு நல்லூரானை வேண்டுகிறேன். அம்மா கட்டை அவிழ்க்கிறேன் என்று அடம்பிடிக்கப் போகிறா, விமலா அக்காவை உருட்டி மிரட்டி வைத்திருக்கச் சொல்லுங்கள்.

எத்தனை தடவை வாசித்தேன் தெரியுமா? கண்ணை மூடினால் நானும் மதிலில் வருகிறேன். ஆனால் உங்களைப்போல் கண்டபடி நடக்கமாட்டேன், நான் ரீச்சர். ஊருக்கு நடுவே தெருக்கள் சந்திக்கும் இடத்தில் போய் நில்லுங்கள். ரோமர் போட்ட தெருக்கள் அவை. அந்தச் சந்தியில்தான் படைத் தலைமையகம். கரும்பலகையில் எத்தனை முறை அந்தச் சிலுவைபோன்ற கோடுகளைக் கீறியிருப்பேன்! பார்த்ததே இல்லை. நீங்கள் நின்றால் நான் நின்றதுதான்.

இன்னொன்று. இங்கே வாட்டுக்குப் புத்தக வண்டி தள்ளிவரும் கிழவி, உங்கள் ஊர்த் தேவாலயம், அந்தக் கதீட்ரலைப் பற்றி ஒரு புத்தகம் தேடித் தந்தா. உள்ளே பாடகர்கள் இருக்கும் மர ஆசனங்களில் அறுநூறு வருடத்துக்கு முந்திய செதுக்கு வேலை. அதில் ஒரு யானை இருக்கிறதாம், முதுகில் கோட்டையோடு. செதுக்கினவர் யானையைக் கண்டதில்லை, பாவம், குதிரைக்கால் வைத்துவிட்டார். யானை பார்த்து வளர்ந்த நாங்கள் போய் அதைப் பார்க்காமல் விடலாமா? பார்த்து எழுதுங்கள்.

உங்கள் தங்கச்சி
இரஞ்சிதம்


செஸ்டர்
5.5.1974

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்து ஆறுதல். நான் சுகம். அம்மாவுக்கும் வர வரப் பரவாயில்லை.

ரீச்சர் சொன்னபடி சந்தியில் நின்றேன். ஒரு பஸ் என்னை இடித்துத் தள்ளப் பார்த்தது. மற்றபடி தலைமையகம் சுகம். பிறகு வட்ட அரங்குக்குப் போனேன். ரோமப் படைவீரர்கள் இருந்து விளையாட்டுப் பார்த்த இடம். பாதியைத்தான் தோண்டியிருக்கிறார்கள். மற்றப் பாதி ஒரு பழைய கட்டடத்தின் கீழே மண்ணுக்குள் இருக்கிறது. வெயில் இருந்தது. கல்லில் வெகுநேரம் இருந்தேன். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது.

ஒரு கடையில் கேட்டால் நிலவறையைக் காட்டுவார்கள் என்றார்கள். கேட்டேன். கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு பெண் கூட்டிக்கொண்டு போனாள். துணிப் பெட்டிகளுக்குப் பின்னால் வரிசை வரிசையாகக் குட்டைத் தூண்கள். அந்தத் தூண்களுக்கிடையில் சூடான காற்றை விட்டு மேலே நிலத்தைச் சூடாக்கினார்களாம். "நான் மத்தியானம் சாப்பிடுறது இஞ்சதான்" என்று அவள் தன் பாஷையில் சொன்னதும், ஒரு தூணின் மேல் அவளுடைய தேநீர்க் கோப்பை இருந்ததும் எனக்குப் பிடித்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. இந்த ஊரில் கடைகளுக்கு மேல் மாடியிலும் ஒரு தெரு ஓடுகிறது, மரக் கூரையோடு. நூற்றாண்டுக் கணக்கில் ஆட்கள் நடந்து பலகை தேய்ந்திருக்கிறது. அதனால் நனையாமல் வந்தேன்.

கதீட்ரலைச் சுற்றி நடந்தேன். சிவப்புக் கல். பூசை நடந்துகொண்டிருந்தது. யானையைப் பிறகு பார்க்கலாம்.

சுகமாக இரு.
அண்ணா


மெல்பேர்ண்
20.5.1974

அன்பு அண்ணாவுக்கு,

ஆறாம் மாதம்! இவ்வளவு தூரம் முன்பு வந்ததே இல்லை. பிள்ளை உதைக்கிறது. டொக்டர் முகத்தில் சிரிப்பு வருகிறது. நீங்கள் நலமா? குளிர் போய்விட்டதா? இங்கே தொடங்கிவிட்டது.

இப்போது வாட்டுத் தாழ்வாரம்தான் என் ரோமத் தெரு. நேர்ஸின் மேசை கிழக்கு வாசல். சாப்பாட்டு வண்டி வரும்போது பலகை தேய்ந்த உங்கள் மாடித் தெருவில் யாரோ நடந்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வேன். பக்கத்துக் கட்டில் கர்மேலா இத்தாலிக்காரி. ரோமர்களைப் பற்றி நான் சொல்லச் சொல்ல ஒரே சிரிப்பு. தங்கள் ஊரில் அந்தக் கல்லில் ஆடுதான் கட்டுவார்களாம். நேற்று ஒரு கனவு. நான் மதிலில் நடக்கிறேன், அம்மா எனக்கு முன்னால் போகிறா. "மெல்லப் போங்கோ அம்மா" என்று கூப்பிட்டேன். கர்மேலா எழுப்பிவிட்டாள்.

அம்மாவிடம் ஒன்று கேளுங்கள் அண்ணா. பிள்ளை பிறந்ததும் எனக்குச் சாப்பிடச் சரக்குத்தூள் வேண்டும். மிளகு, மல்லி, மஞ்சள் எல்லாம் அம்மாவின் கைக்கணக்குத்தான் வேண்டும். கண் தெரியாவிட்டாலும் பக்கத்தில் இருந்து அளவு சொல்லுவா. முதல் இரண்டு முறையும் இடித்து வைத்து வீணாய்ப் போனது. இந்த முறை நான் சாப்பிடவேண்டும்.

யானை எங்கே? ஊர் உலகமெல்லாம் பார்த்தீர்கள், இருபது அடி உள்ளே போக உங்களுக்கு என்ன பஞ்சி, என்ன சோம்பல்?

இரஞ்சிதம்


செஸ்டர்
8.6.1974

அன்புத் தங்கச்சிக்கு,

பிள்ளை உதைக்கிறது என்று வாசித்ததும் ஆய்வுகூடத்தில் எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன். எனக்கும் சுகம்தான். சரக்குத்தூளுக்கு எழுதிவிட்டேன், அம்மா அளவு சொல்ல விமலா அக்கா இடித்து அனுப்புவா.

உன் யானைக்கும் ஒரு முடிவு வந்துவிட்டது. மான்செஸ்டரில் இருந்து என் சிநேகிதன் விக்னராஜா வந்திருந்தான். இரண்டு பேரும் கதீட்ரலுக்குப் போனோம். ஒரே மழை. அவன் உள்ளே போனான், நான் அவனுடைய பையையும் குடையையும் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். முக்கால் மணித்தியாலம் கழித்து வந்து சொன்னான்: "மச்சான், யானை எண்டு சொல்லேலாது. தும்பிக்கை வைச்ச குதிரை. ஆனா நல்ல வடிவு. ஏன் நீ உள்ள வரேல்லை?" காலெல்லாம் சேறு என்றேன். தும்பிக்கையை அவன் விரலால் காற்றில் கீறிக் காட்டினான். அந்தக் கீறலைப் பார்த்தால் நீயே அதை வரைந்துவிடுவாய்.

அரும்பொருட் காட்சிச்சாலைக்கும் போனோம். ரோமர் காலத்து ஓடுகள், நாணயங்கள். எழுத்துப் பொறித்த கற்கள் நிறைய.

சுகமாக இரு, இன்னும் மூன்று மாதம்தான்.
அண்ணா


மெல்பேர்ண்
14.7.1974

அன்பு அண்ணாவுக்கு,

பதில் எழுதச் சுணங்கிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள். தடிமல், மூக்கடைப்பு. இப்போது பரவாயில்லை. பிள்ளை சுகம். அதுதான் முக்கியம்.

யானை போதும். இனி உள்ளே போகச் சொல்லி உங்களைக் கரைச்சல்படுத்த மாட்டேன். மழையில் வாசலில் நிற்க வேண்டாம். ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? சமைக்கப் பஞ்சியில் பாணோடு கிடக்காமல் சோறு காய்ச்சிச் சாப்பிடுங்கள். தனியே இருக்கிறீர்கள், விக்னராஜாவை அடிக்கடி வரச் சொல்லுங்கள்.

அம்மாவுக்குக் கண் நன்றாக ஆறியிருக்கும். என் அன்பைச் சொல்லுங்கள்.

மதிலைப் பற்றி இன்னும் எழுதுங்கள். எதுவானாலும் எழுதுங்கள்.

உங்கள் தங்கச்சி


செஸ்டர்
4.8.1974

அன்புத் தங்கச்சிக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் உன் கடிதம் இல்லாமல் தவித்துப்போனேன். தடிமல்தான் என்று அறிந்து பெரிய நிம்மதி. நான் சுகம், சோறு சாப்பிடுகிறேன். சரக்குத்தூள் பார்சலில் புறப்பட்டுவிட்டது. அம்மா உன்னை நினைத்தபடிதான் இருக்கிறா.

இங்கே கோடை. பொழுது சாய மனமில்லாமல் கிடக்கிறது. வேலை முடிந்ததும் ஆற்றங்கரைக்குப் போவேன். பழைய கல்லுப் பாலம் ஒன்று, ஆறேழு நூற்றாண்டாக நிற்கிறது, வளைவுகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. பாலத்துக்குச் சற்று முன்னால், ஆறு வரும் பக்கம், தண்ணீரை மறித்து ஒரு கல்லணை. தண்ணீர் அதில் விழும் சத்தம் எப்போதும் கேட்கும். அன்னங்கள் நிற்கும். அங்கே நின்றால், எல்லாரும் இதே பாலத்தால்தான் போயிருக்கிறார்கள், போகிறவர்களைத் தண்ணீர் மறிப்பதில்லை என்று தோன்றும். இப்படியெல்லாம் எழுத எனக்கு எங்கே வந்தது என்று சிரிப்பாய். நீதான் பழக்கிவிட்டாய்.

உனக்கு எழுதும் நாட்களில்தான் எனக்கு நித்திரை வருகிறது. நல்ல செய்திக்குக் காத்திருக்கிறேன்.

அண்ணா


மெல்பேர்ண்
20.9.1974

அன்புள்ள மச்சான்,

தந்தி கிடைத்திருக்கும். நேற்றுக் காலை பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம், சுகம், சுகம்! கர்மேலா என்னைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் கொஞ்சிவிட்டாள்.

கடைசிவரை இரஞ்சிதத்துக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. எல்லாம் உங்கள் கடிதங்களின் புண்ணியம். நாடக மேடை வைரமுத்துப்போல் நடித்துப் பொய் சொல்லிப் பழகிவிட்டேன் என்று எனக்கே வெட்கம். விமலா அக்காவின் கடிதங்கள் கந்தோர் மேசை லாச்சிக்குள் கிடக்கின்றன. இனிச் சொல்லத்தான் வேண்டும். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கிறவளைப் பார்த்து என்னால் முடியவில்லை. நீங்களே எழுதுங்கள், அண்ணன் எழுதினால் தாங்குவாள்.

மகேந்திரராஜா


செஸ்டர்
1.10.1974

என் அன்புத் தங்கச்சிக்கு,

நீயும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை மச்சான் பக்கத்தில் இருக்கும்போது வாசி.

அம்மா இல்லை. மார்ச் பதினேழில் போய்விட்டார். கண் சத்திரசிகிச்சை என்று ஒன்று நடக்கவேயில்லை. குசினிக் கதிரையில், ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்ததாம். உன்னிடம் மறைத்தோம். பிள்ளைக்காக மறைத்தோம். ஒவ்வொரு கடிதத்திலும் அம்மாவை நான் சுகமாக்கினேன். என்னை மன்னிப்பாயோ தெரியாது. மதிலையும் பாலத்தையும் பற்றி எழுதினதெல்லாம் உண்மை, அங்கெல்லாம் அழுதுகொண்டுதான் திரிந்தேன்.

உன் கோபத்தை எல்லாம் எனக்கே எழுது. மச்சானைக் கோபிக்காதே.

அண்ணா


மெல்பேர்ண்
20.10.1974

என் அன்பு அண்ணாவுக்கு,

பிள்ளை சுகம். நானும் எழும்பி நடக்கிறேன். நேற்று முப்பத்தோராம் நாள், பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்தோம். அதற்காகத்தான் பத்து நாள் காத்திருந்து எழுதுகிறேன்.

எனக்கு ஜூனிலேயே தெரியும்.

அப்பா செத்த வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு இருபத்தைந்து நாளும் எங்களைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். ஒரு வருடத்து ஆட்டைத் திவசம் முடியாமல் மகன் கோயிலுக்குள் போகக் கூடாது என்று எங்கள் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு வெளிவீதியிலேயே நின்றீர்கள். தேரன்று மழை. அப்போதும் நின்றீர்கள். விக்னராஜாவின் குடையை வைத்துக்கொண்டு கதீட்ரல் வாசலில் நின்றேன் என்று எழுதினதை வாசித்ததும் எனக்கு விளங்கிவிட்டது. கிறிஸ்தவ வேதக்காரரின் கோயில்தானே என்று நீங்கள் உள்ளே போயிருந்தால் நான் ஒன்றையும் அறிந்திருக்க மாட்டேன். உங்களுக்கு எல்லாமே கோயில்தான். அம்மாவைத் தவிர வேறு யாருக்காக அண்ணா நீங்கள் அப்படி நிற்பீர்கள்?

தடிமல் என்றது பொய். ஒரு வாரம் போர்வைக்குள் அழுதேன். கர்மேலாவுக்கு மட்டும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு தன் பாஷையில் செபம் சொல்லுவாள். பிறகு வயிற்றைத் தடவிக்கொண்டு எனக்குள் சொன்னேன்: இதை நான் இழக்கமாட்டேன், அம்மா இதற்காகத்தான் என்னிடம் சொல்லாமல் போனா. நான் அறிந்துவிட்டேன் என்று தெரிந்தால் நீங்களும் இவரும் உடைந்துபோவீர்கள், அதனால் நானும் மறைத்தேன். இவர் சிரிக்க வரும்போது நானும் சிரித்தேன். அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள் என்று எழுதினேனே, அந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு நாள் எடுத்தது. சரக்குத்தூள் அம்மாவின் கைக்கணக்கு இல்லை என்று வாயில் வைத்ததும் தெரிந்தது. ஆனாலும் ஒரு துளி விடாமல் சாப்பிட்டேன்.

உங்களில் எனக்குக் கோபம் இல்லை. மனம் நோகிறது, அது வேறு. ஒரு தாய் பெற்ற இரண்டு பேர், ஆளுக்கொரு கண்டத்தில், ஆளுக்காள் ஒளித்து ஒளித்துத் தனித்தனியே அழுதிருக்கிறோம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிள்ளைக்காக இவர் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்திருக்கிறார், இலக்கம் கீழே எழுதியிருக்கிறார். நவம்பர் பத்தாந் திகதி ஞாயிற்றுக்கிழமை, உங்களுக்குக் காலை பத்து மணிக்கு, ஒரு அழைப்புப் பதிவு செய்யுங்கள். மூன்று நிமிடம் தருவார்களாம். சுகம் விசாரிக்க வேண்டாம், பிள்ளையைப் பற்றிக் கேட்க வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். அதெல்லாம் கடிதத்தில் எழுதலாம். அந்த மூன்று நிமிடமும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுவோம்.

உங்கள் அழைப்புக்காக ரெலிபோன் பக்கத்தில் இருப்பேன்.

அன்புத் தங்கச்சி
இரஞ்சிதம்